உட்செவியில் டிஎம்சி1 புரதத்தை ஆன்டிபாடியால் பார்ப்பது: புதிதாகத் தொடங்குவோருக்கு

டிஎம்சி1 (TMC1) என்பது உட்செவியின் மயிர் செல்லில் அசைவை மின்னோட்டமாக மாற்றும் சேனலின் புரதம். அதில் ஒட்டிக்கொண்டு ஒளிர்ந்து காட்ட வேண்டிய ஆன்டிபாடிக்கு ஆர்டர் போடும் முன்னால் முடிக்க வேண்டிய வேலை ஒன்று உண்டு. டிஎம்சி1 மரபணு செயலிழந்த சுண்டெலியின் காக்லியா (உட்செவியில் ஒலியை உணரும் நத்தைச் சுருள்) எங்கிருந்து கிடைக்கும் என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். உங்கள் விலங்குக் கூடத்தில் இல்லாவிட்டால், வைத்திருக்கும் ஆய்வகத்திடம் ஃபிக்ஸ் செய்த (வேதிப்பொருளால் நிலைப்படுத்திய) திசுவையாவது கேட்டு வாங்குங்கள். அது கையில் இல்லாமல் எடுக்கும் படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அதை நம்ப ஆதாரம் கிடையாது.

உட்செவித் துறைக்கு இந்தப் பாடம் பெரிய விலை கொடுத்துக் கிடைத்தது. மயிர் செல்லில் அசைவை மின்னோட்டமாக மாற்றும் சேனல் எது என்று பல ஆண்டுகள் தேடினார்கள். 2004இல் டிஆர்பிஏ1 என்ற புரதம் வலுவாக முன்வைக்கப்பட்டது. ஸ்டீரியோசிலியாவின் (மயிர் செல்லின் மேல் நிற்கும் நுண்மயிர்கள்) நுனிகளில் ஆன்டிபாடி ஒளிர்ந்ததும் அப்போது காட்டிய சான்றுகளில் ஒன்று. 2006இல் அந்த மரபணுவை நீக்கிய சுண்டெலிகளை இரண்டு குழுக்கள் தனித்தனியே ஆராய்ந்தன. அவற்றுக்குக் காது நன்றாகவே கேட்டது.

ஸ்டீரியோசிலியாவின் இயல்பே ஆன்டிபாடியைத் தடம் புரட்டுவதுதான். மிக நெருக்கமாக அடுக்கிய ஆக்டின் இழைகள், அவற்றைச் சுற்றிச் சவ்வு, சவ்வின் மேல் மின்னூட்டம் கொண்ட சர்க்கரைப் பூச்சு எல்லாம் அங்கே இருக்கின்றன. முயலில் தயாரித்த பாலிகுளோனல் (பல வகை மூலக்கூறுகள் கலந்த) ஆன்டிபாடிகளில் பல, எந்தப் புரதத்துக்கு எதிராகச் செய்திருந்தாலும் அங்கே கொஞ்சம் ஒட்டிக்கொள்ளும்.

புரதத்தைப் பற்றி முதலில்

டிஎம்சி1 மரபணு 2002இல் அடையாளம் காணப்பட்டது. இந்திய, பாகிஸ்தானிய குடும்பங்களில் பரம்பரையாக வந்த ஒடுங்குநிலைக் காது கேளாமையும், வட அமெரிக்கக் குடும்பம் ஒன்றின் ஓங்குநிலைக் காது கேளாமையும் இந்த ஒரே மரபணுவின் மாற்றங்களால் வருபவை என்று அப்போது தெரிந்தது. மனிதப் புரதத்தில் 760 அமினோ அமிலங்கள், சுண்டெலிப் புரதத்தில் 757. கணக்கிட்ட எடை சுமார் 87 கிலோடால்டன். சவ்வைப் பத்து முறை ஊடுருவும் இந்தப் புரதம் இரண்டிரண்டாகச் சேர்ந்து வேலை செய்கிறது.

இவற்றில் ஆன்டிபாடிக்காரர் மனதில் நிறுத்த வேண்டியவை மூன்று.

முதலாவது, புரதத்தின் இரண்டு முனைகளும் செல்லுக்கு உள்ளே இருக்கின்றன. பெரும்பாலான ஆன்டிபாடிகள் இந்த முனைகளுக்கு எதிராகவே செய்யப்படுகின்றன. ஆகவே உயிருள்ள செல்லின் மேல் ஊற்றினால் ஒன்றும் தெரியாது. சவ்வைத் துளைத்தே ஆக வேண்டும். துளைக்காத உயிர்த் திசுவில் முனை ஆன்டிபாடி பளிச்சென்று ஒளிர்ந்தால், அது ஒட்டியிருப்பது வேறு எதிலோ.

இரண்டாவது, அளவு மிகக் குறைவு. எம்செர்ரி என்ற ஒளிர்புரதம் இணைத்த டிஎம்சி1 கொண்ட சுண்டெலிகளில், ஒளிர்வு படிப்படியாக அணைவதை எண்ணிக் கணித்தபோது, வெளி மயிர் செல்லின் ஸ்டீரியோசிலியா நுனி ஒன்றுக்குக் காக்லியாவின் உச்சிப் பக்கம் சுமார் 8, அடிப்பக்கம் சுமார் 20 மூலக்கூறுகள்தான் தேறின. ஒரு நுனிக்கு இருபது என்றால், பின்னணி ஒளிர்வு கொஞ்சம் கூடினாலும் உண்மைச் சிக்னல் அதற்குள் மூழ்கிவிடும்.

மூன்றாவது, டிஎம்சி2 என்ற நெருங்கிய உறவுப் புரதம். சுண்டெலியின் காக்லியாவில் பிறந்த முதல் சில நாட்களுக்கு டிஎம்சி2 இருக்கும். பிறகு குறைந்து, இரண்டாம் வாரத்துக்குள் அங்கிருந்து ஏறக்குறைய மறைந்துவிடும். சமநிலை உறுப்புகளில் மட்டும் தொடர்ந்து இருக்கும். இதனால் புதியவர்கள் அடிக்கடி குழம்புவார்கள்: டிஎம்சி1 நீக்கிய சுண்டெலியின் மயிர் செல், பிறந்த நான்காம் நாளில் திறந்த சேனல் வழியே நுழையும் எஃப்எம்1-43 சாயத்தை வழக்கம்போல் உள்ளிழுக்கும். ‘நாக்அவுட் (மரபணு நீக்கம்) வேலை செய்யவில்லை’ என்று முடிவுகட்டிவிடாதீர்கள். டிஎம்சி2 அந்த வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. இரண்டையும் சேர்த்து நீக்கினால்தான் மின்னோட்டம் அறவே நிற்கும் என்று 2011இல் காட்டினார்கள்.

எந்த நாக்அவுட்?

‘டிஎம்சி1 இல்லாத சுண்டெலி’ என்ற பெயரில் பல வகைகள் புழங்குகின்றன. எல்லாம் ஆன்டிபாடிச் சோதனைக்கு உதவாது.

ஆய்வகங்களில் அதிகம் காணப்படுவது 8, 9 ஆகிய எக்ஸான்களை (புரதத்துக்கான குறியீடு உள்ள மரபணுத் துண்டுகள்) நீக்கிய வகை. இதில் சேனல் உருவாகாது என்பது சரி. ஆனால் அதற்கு முந்தைய எக்ஸான்கள் அப்படியே இருக்கின்றன. உங்கள் ஆன்டிபாடி அமினோ முனையின் முதல் பகுதிக்கு எதிராகச் செய்யப்பட்டது என்றால், துண்டுப் புரதம் ஒன்று மிஞ்சியிருந்து அதில் ஒட்ட வாய்ப்பு உண்டு. கார்பாக்ஸி முனை ஆன்டிபாடிக்கு இந்தச் சிக்கல் இல்லை.

‘டெஃப்னஸ்’ எனப்படும் பழைய காது கேளாச் சுண்டெலியில் நிலைமை இன்னும் மோசம். அதில் 14ஆம் எக்ஸான் மட்டும் வாசிப்புச் சட்டகம் கெடாமல் விடுபட்டிருக்கிறது. முன்னும் பின்னும் உள்ள புரதம் உருவாகக்கூடும். இரண்டு முனை ஆன்டிபாடிகளுக்கும் இது சுத்தமான எதிர்மறைச் சோதனை ஆகாது. ‘பீத்தோவன்’ சுண்டெலியில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியிருக்கிறது. 412ஆம் இடத்தில் மெத்தியோனினுக்குப் பதில் லைசின். புரதம் முழுதாக இருப்பதால் இதை எதிர்மறைச் சோதனையாக எடுக்கவே கூடாது.

எதை எடுத்தாலும் ஒரே ஈற்றுக் குட்டிகளையே ஒப்பிடுங்கள். வேறு வேறு நாளில் பிறந்த, வேறு இனவழிச் சுண்டெலிகளை ஒப்பிட்டால் வயது வேறுபாடே சிக்னல் வேறுபாடாகத் தெரியும். வால் நுனியில் எடுத்த மாதிரியை வைத்து மரபணு வகையைப் பார்ப்பவர் ஒருவர், படம் எடுப்பவர் வேறொருவர் என்று பிரித்துக்கொண்டால் கண்ணின் ஆசை முடிவைக் கெடுக்காது.

ஆன்டிபாடியைத் தேர்ந்தெடுப்பது

நிறுவனத்தின் தரவுத்தாளில் முதலில் பார்க்க வேண்டியது இம்யூனோஜன் (ஆன்டிபாடியை உருவாக்க விலங்குக்குக் கொடுத்த புரதத் துண்டு) வரிசை: எந்த அமினோ அமிலத்திலிருந்து எதுவரை, மனிதப் புரதமா சுண்டெலியா. ‘தனியுரிமைத் தகவல்’ என்று மறைத்திருந்தால் வேறு ஆன்டிபாடியைப் பாருங்கள். வரிசை தெரியாமல் எந்த நாக்அவுட் பொருந்தும், டிஎம்சி2-வோடு குழம்புமா என்ற எதையும் தீர்மானிக்க முடியாது.

அடுத்து, அவர்கள் காட்டும் சான்று. மூளை அல்லது சிறுநீரக லைசேட்டில் (செல்களை உடைத்த கரைசல்) 87 கிலோடால்டன் அருகே ஒரு பட்டை தெரிவது டிஎம்சி1-க்குச் சான்றாகாது. அந்த எடையில் எத்தனையோ புரதங்கள் ஓடுகின்றன. நாக்அவுட் காக்லியாவின் படம் இருந்தால் மட்டும் கொஞ்சம் நம்பலாம். அப்போதும் உங்கள் கையால் ஒருமுறை செய்துபார்க்க வேண்டும்.

பாலிகுளோனல் வாங்கினால் லாட் எண்ணை, அதாவது தயாரிப்புத் தொகுதி எண்ணை, குறித்துவையுங்கள். வேறு முயல், வேறு இரத்த எடுப்பு என்றால் அது வேறு ஆன்டிபாடி. ஒரு லாட் நாக்அவுட்டில் தேறியது என்பதற்காக அடுத்த லாட்டும் தேறும் என்று எண்ண வேண்டாம். நல்ல லாட் கிடைத்தால் திட்டம் முடியும்வரை போதுமானதைச் சேர்த்து வாங்கிவிடுவது நல்லது.

நீங்களே தயாரிக்கிறீர்கள் என்றால் பெப்டைடை (முயலுக்கு ஊசி போடும் குட்டிப் புரதத் துண்டு) தேர்வதில்தான் பாதி வெற்றி இருக்கிறது. சவ்வை ஊடுருவும் பகுதிகளை விட்டுவிடுங்கள். அவை எண்ணெய்த்தன்மை கொண்டவை, டிஎம்சி குடும்பம் முழுக்கப் பொதுவானவை. அமினோ முனையில் லைசினும் குளுட்டமேட்டும் அடர்ந்த பகுதி ஒன்று உண்டு. அதையும் தவிருங்கள். மின்னூட்டம் மிகுந்த பெப்டைடுக்கு எதிராக உருவாகும் ஆன்டிபாடி மின்னூட்டம் மிகுந்த எதிலும் ஒட்டும். ஸ்டீரியோசிலியாவும் கருவும் அப்படிப்பட்டவைதான். 15 முதல் 20 அமினோ அமிலம் நீளம், டிஎம்சி2-வோடு குறைந்த ஒற்றுமை, ஒரு முனையில் மட்டும் சிஸ்டீன் என்று வடிவமையுங்கள். அந்தச் சிஸ்டீன் வழியாகவே கேஎல்எச் என்ற ஏந்து புரதத்தோடு இணைப்பார்கள்.

முயலுக்கு முதல் ஊசி போடும் முன்பே எடுத்த சீரத்தைக் கண்டிப்பாகக் கேட்டு வாங்கிச் சேமித்துவையுங்கள். ஊசிக்கு முந்தைய சீரமே காக்லியாவில் ஸ்டீரியோசிலியாவை ஒளிர வைத்தால், அந்த முயலைத் தொடக்கத்திலேயே தவிர்த்துவிடலாம். மூன்று நான்கு முயல்களின் முன்சீரத்தைச் சோதித்து அதில் இரண்டைத் தேர்வது சிக்கனமான வழி. கடைசி இரத்த எடுப்பு வந்ததும் அதே பெப்டைடு கட்டிய நிரலில் சுத்திகரியுங்கள். 0.1 மோலார் கிளைசின், பிஎச் 2.7 கரைசலால் இறக்கி, பிடிக்கும் குழாயிலேயே 1 மோலார் டிரிஸ் பிஎச் 8.5-ஐப் பத்தில் ஒரு பங்கு வைத்திருந்தால் அமிலத்தில் ஆன்டிபாடி கெடாது. விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி இல்லாமல் இதில் எதையும் தொடங்கக் கூடாது என்பதைத் தனியே சொல்ல வேண்டியதில்லை.

முதலில் செல்களில் சோதனை

காக்லியா அரிய திசு. ஒரு சுண்டெலியின் காக்லியாவில் மொத்தம் சுமார் மூவாயிரம் மயிர் செல்கள்தான். அதைச் செலவழிக்கும் முன் எச்இகே293 அல்லது காஸ்-7 என்ற வளர்ப்புச் செல்லில் பாருங்கள்.

24 குழித் தட்டில், பாலிலைசின் பூசிய 12 மி.மீ. கவர்ஸ்லிப்பின் மேல் செல்களை வளர்த்து, குழிக்கு 0.5 மைக்ரோகிராம் பிளாஸ்மிட் (மரபணுவை ஏந்தும் டிஎன்ஏ வளையம்) கொடுங்கள். மூன்று வகை வேண்டும்: டிஎம்சி1, டிஎம்சி2, வெற்றுப் பிளாஸ்மிட். மூன்றிலும் பச்சை ஒளிர்புரதம் தனியாகப் பிரிந்து வருமாறு வைத்தால் எந்தச் செல் பிளாஸ்மிட்டை ஏற்றது என்று தெரியும். 24 முதல் 48 மணி நேரத்துக்குப் பிறகு 4% பாராஃபார்மால்டிஹைடில் 10 நிமிடம், சவ்வைத் துளைக்க 0.2% டிரைட்டான் எக்ஸ்-100-இல் 10 நிமிடம், பிறகு வழக்கமான சாயமேற்றம்.

டிஎம்சி1 கொடுத்த பச்சை செல்லில் சிவப்பு (ஆன்டிபாடியின் நிறம்) வர வேண்டும். பக்கத்தில் பச்சை இல்லாத செல் இருட்டாக இருக்க வேண்டும். டிஎம்சி2 செல்லும் இருட்டாக இருக்க வேண்டும். இந்த மூன்றும் ஒரே கவர்ஸ்லிப் வரிசையில் தெரிந்தால் ஆன்டிபாடி அடுத்த கட்டத்துக்குத் தகுதி பெறுகிறது. சிவப்பு, கருவைச் சுற்றி வலை போலத் தெரிவதைக் கண்டு கவலைப்படாதீர்கள். இந்தச் செல்களில் டிஎம்சி1 வெளிச்சவ்வுக்குப் போகாமல் எண்டோபிளாச வலையிலேயே தங்கிவிடும். அதன் கூட்டாளிப் புரதங்கள் இங்கே போதிய அளவில் இல்லை.

இந்தச் சோதனையில் தேறாத ஆன்டிபாடியை ஒதுக்கிவிடலாம். தேறியதை இன்னும் நம்பக் கூடாது. இங்கே புரதம் மிக அதிகமாக இருக்கிறது. காக்லியாவில் நுனிக்கு இருபதுதான். சுமாரான ஆன்டிபாடிகூட இங்கே நன்றாகத் தெரியும்.

திசுவை எடுப்பது

தொடங்குபவர்களுக்கு ஏற்ற வயது பிறந்த 6 முதல் 8 நாள் வரை. எலும்பு இன்னும் மென்மையாக இருப்பதால் சுண்ணாம்பை நீக்க வேண்டியதில்லை. ஸ்டீரியோசிலியா வரிசைகள் படிக்கட்டு போலப் பிரிந்து தெரியும். டிஎம்சி1 போதிய அளவு வந்திருக்கும். அதைவிட இளைய திசுவில் டிஎம்சி1 விரவிக் கிடக்கலாம். வரிசைகளும் தெளிவாகப் பிரியாது. இரண்டு வாரத்துக்கு மேற்பட்ட சுண்டெலி என்றால் ஃபிக்ஸ் செய்த பிறகு பிஎச் 7.4-இல், கால்சியத்தைப் பிடித்து நீக்கும் ஈடிடிஏ கரைசலில் ஊற வைத்து எலும்பை மென்மையாக்க வேண்டும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. ஃபிக்ஸ் செய்யும் முன் ஈடிடிஏ படக் கூடாது. கால்சியம் இல்லாத பிபிஎஸ் உப்புக் கரைசலில் வைத்து வெட்டவும் கூடாது. ஸ்டீரியோசிலியாக்களை ஒன்றோடொன்று கட்டும் நுனி இழை, கேட்ஹெரின்-23, புரோட்டோகேட்ஹெரின்-15 என்ற இரண்டு புரதங்களால் ஆனது. அவை பிணைந்திருக்கக் கால்சியம் வேண்டும். கால்சியம் போனால் இழை அறுந்துவிடும். அதன் கீழ்முனையோடு தொடர்புடைய டிஎம்சி1-உம் இடம் மாறக்கூடும். கால்சியமும் மெக்னீசியமும் உள்ள ஹாங்க்ஸ் கரைசல் அல்லது லீபோவிட்ஸ் எல்-15 ஊடகத்தில், பனிக்கட்டியின் மேல் குளிர வைத்து வெட்டுங்கள்.

கபாலத்தை நடுவில் பிளந்து மூளையை நீக்கினால் இருபுறமும் டெம்போரல் எலும்பு தெரியும். அதை எடுத்து புதிய கரைசலுக்கு மாற்றுங்கள். 5ஆம் எண் ஃபோர்செப்ஸ் இரண்டால் காக்லியாவின் குருத்தெலும்பு ஓட்டை உச்சியிலிருந்து சில்லு சில்லாகப் பெயர்த்தால் உள்ளே சுருள் வெள்ளையாகத் தெரியும். அடிப்பக்கத்தில் ஸ்ட்ரையா வாஸ்குலாரிஸைப் பிடித்து மெதுவாகச் சுற்றி இழுத்தால் அது நாடா போலத் தனியே கழன்றுவரும். கார்ட்டி உறுப்பை நடுத்தண்டிலிருந்து பிரிக்கும்போது மயிர் செல் இருக்கும் ஓரத்தைத் தொடவே கூடாது. உள்பக்க ஓரத்தை மட்டும் பிடியுங்கள்.

கடைசியாக, மயிர் செல்களை மூடியிருக்கும் டெக்டோரியல் படலம். வெளிச்சத்தைச் சாய்த்து வைத்தால் கண்ணாடிப் படலமாக மின்னும். அடிப்பக்க நுனியில் பிடித்து ஒரே இழுப்பில் உரித்தெடுங்கள். இதை விட்டுவிட்டால் ஆன்டிபாடி உள்ளே போகாது. படலமே சாயத்தைப் பிடித்து மேலே ஒரு மூட்டமாக நிற்கும். தலை துண்டித்ததிலிருந்து ஃபிக்ஸ் வரை இருபது நிமிடத்துக்குள் முடியும்வரை வேறு மாதிரிகளில் பழகிக்கொள்வது நல்லது.

சாயமேற்றம்

முதல் நாள். 16% பாராஃபார்மால்டிஹைடு ஆம்பூலிலிருந்து 1 மி.லி.யை 3 மி.லி. கரைசலோடு கலந்தால் 4% கிடைக்கும். அன்றன்று கலக்க வேண்டும். புகைக் கூண்டுக்குள்தான் செய்ய வேண்டும். திசுவை அறை வெப்பநிலையில் 20 முதல் 30 நிமிடம் மட்டும் வையுங்கள். இரவு முழுக்க ஊற வைப்பது இந்தப் புரதத்துக்கு ஆகாது. அதிகம் ஃபிக்ஸ் ஆனால் ஆன்டிபாடி பிடிக்க வேண்டிய இடம் மூடிக்கொள்ளும். குளுட்டரால்டிஹைடு கலக்கவே கூடாது. மூன்று முறை, முறைக்கு 5 நிமிடம் கழுவி, 0.1 மோலார் கிளைசினில் 10 நிமிடம் வைத்தால் மிச்சமுள்ள ஆல்டிஹைடு அடங்கும்.

0.5% டிரைட்டானில் 30 நிமிடம். மெத்தனால் வேண்டாம். மெத்தனாலால் ஆக்டின் இழையின் வடிவம் கெட்டு, பிறகு ஃபல்லாய்டின் (ஆக்டினைக் காட்டும் சாயம்) ஒட்டாது. ஃபல்லாய்டின் இல்லாமல் எந்த வரிசை எது என்று சொல்ல முடியாது. பிறகு 10% ஆட்டுச் சீரமும் 0.1% டிரைட்டானும் கலந்த பிபிஎஸ்-இல் ஒரு மணி நேரம் பிளாக்கிங் (தேவையற்ற ஒட்டுதலைத் தடுப்பது). இரண்டாம் ஆன்டிபாடி (முதல் ஆன்டிபாடியில் ஒட்டி ஒளிர்வது) கழுதையில் தயாரித்தது என்றால் கழுதைச் சீரம். எப்போதும் இரண்டாம் ஆன்டிபாடியின் விலங்குச் சீரமே.

முதல் ஆன்டிபாடியைப் பிளாக்கிங் கரைசலில் கலந்த பிறகு 14,000 ஜி வேகத்தில் 10 நிமிடம் சுழற்றி, மேலுள்ள திரவத்தை மட்டும் எடுங்கள். கட்டியாகச் சேர்ந்த ஆன்டிபாடித் துணுக்குகள் ஸ்டீரியோசிலியாவில் சிக்கிக்கொண்டு நுனிப் புள்ளி போலவே தெரியும். டிஎம்சி1 வேலையில் இதைவிட ஆபத்தான பொய்ச் சிக்னல் வேறில்லை. செறிவை 1:50, 1:100, 1:200, 1:400, 1:800 என்று ஐந்திலும், ஒவ்வொன்றிலும் இயல்பு வகை ஒன்று, நாக்அவுட் ஒன்று என்று பாருங்கள். ஒரு மி.லி.க்கு 1 மி.கி. ஆன்டிபாடி என்றால் 1:200 என்பது மி.லி.க்கு 5 மைக்ரோகிராம். நாம் தேடுவது இயல்பு வகை மிகப் பிரகாசமாக இருக்கும் செறிவை அல்ல. இயல்பு வகைக்கும் நாக்அவுட்டுக்கும் இடையே வேறுபாடு அதிகமாக இருக்கும் செறிவை. 96 குழித் தட்டில் குழிக்கு 100 மைக்ரோலிட்டர் போதும். 4 டிகிரி செல்சியஸில் இரவு முழுக்க மெதுவாக ஆடவிடுங்கள்.

இரண்டாம் நாள். மூன்று முறை, முறைக்கு 10 நிமிடம் கழுவுங்கள். இரண்டாம் ஆன்டிபாடி 1:500, அதையும் சுழற்றிய பிறகே. அதனோடு வேறு நிறத்தில் ஃபல்லாய்டின் 1:200. அறை வெப்பநிலையில் ஒன்றரை மணி நேரம், இருட்டில். மீண்டும் மூன்று கழுவல். ஸ்டீரியோசிலியா மேல்நோக்கி இருக்குமாறு ஸ்லைடில் வைத்து, 0.17 மி.மீ. தடிமனுள்ள 1.5 எண் கவர்ஸ்லிப்பால் மூடுங்கள். விளிம்பில் மெல்லிய ஸ்பேசர் வைக்காவிட்டால் ஸ்டீரியோசிலியாக் கற்றைகள் நசுங்கிப் படுத்துவிடும். படுத்த கற்றையில் முதல் வரிசை நுனியும் இரண்டாம் வரிசை நுனியும் ஒன்றன்மேல் ஒன்றாக விழும்.

சுண்டெலியில் தயாரித்த மோனோகுளோனல் (ஒரே வகை மூலக்கூறு மட்டும் உள்ள) ஆன்டிபாடியைச் சுண்டெலித் திசுவிலேயே போட்டால் இரத்தக் குழாய்களெல்லாம் ஒளிரும். திசுவில் ஏற்கெனவே இருக்கும் சுண்டெலி ஐஜிஜி-யை இரண்டாம் ஆன்டிபாடி பிடிப்பதுதான் காரணம். முன்கூட்டியே சுண்டெலிக்கு எதிரான ஃபேப் (ஆன்டிபாடியின் பிடிக்கும் பகுதி) துண்டுகளால் மூடிவிடுங்கள், அல்லது முயல் ஆன்டிபாடிக்கு மாறுங்கள்.

நுண்ணோக்கியில் எதைத் தேடுவது

63 மடங்கு, 1.4 எண் துளையுள்ள எண்ணெய் லென்ஸ். ஆழ அடுக்கு இடைவெளி 0.15 முதல் 0.2 மைக்ரோமீட்டர். ஸ்டீரியோசிலியா ஒன்றின் குறுக்களவே ஏறக்குறைய 0.2 மைக்ரோமீட்டர். அதாவது சாதாரணக் கான்ஃபோக்கலின் எல்லையிலேயே வேலை செய்கிறோம். ஏரிஸ்கான் போன்ற, படத்தைக் கூர்மையாக்கும் வசதி இருந்தால் பயன்படுத்துங்கள். லேசர் சக்தி, டிடெக்டர் கெயின் எல்லாவற்றையும் இயல்பு வகையில் நிர்ணயித்து, ஒரு எண்கூட மாற்றாமல் நாக்அவுட்டை எடுங்கள்.

உண்மைச் சிக்னல் இப்படித் தெரியும்: உயரமான முதல் வரிசையை விட்டுவிட்டு, குட்டையான இரண்டாம், மூன்றாம் வரிசைகளின் நுனியில் தனித்தனிப் புள்ளிகள். சேனல்கள் நுனி இழையின் கீழ்முனையில் இருப்பதாக 2009இல் கால்சியம் படமெடுப்பு காட்டியதோடு இது பொருந்தும். எல்லாப் புள்ளியும் ஒரே அளவில் இருக்காது. சில நுனிகளில் ஒன்றுமே தெரியாமலும் இருக்கும். செல் உடலுக்குள் கொஞ்சம் மங்கலான சிக்னல் வருவது இயல்பு. புரதம் அங்கேதானே உருவாகிறது.

முதல் வரிசையை உறுதியாக அடையாளம் காண இபிஎஸ்8 என்ற புரதத்தின் ஆன்டிபாடியைச் சேர்த்துக்கொள்ளலாம். அது உயரமான வரிசையின் நுனியில் அடர்ந்திருக்கும். இரண்டு ஆன்டிபாடிகளும் வேறு வேறு விலங்கில் தயாரித்தவையாக இருக்க வேண்டும். ஆன்டிபாடி கற்றைக்குள் போகிறதா என்ற சோதனையும் இதிலேயே முடிந்துவிடும். இபிஎஸ்8 வந்து டிஎம்சி1 வராவிட்டால் குற்றம் துளைத்தலில் இல்லை.

சந்தேகப்பட வேண்டியவை: ஸ்டீரியோசிலியாவின் முழு நீளத்துக்கும் சீரான ஒளிர்வு, அடியிலுள்ள கியூட்டிகுலர் தட்டு முழுக்க நிறம், துணைச் செல்களின் மேல்பரப்பிலும் அதே புள்ளிகள், கற்றைக்குப் பக்கத்தில் நிற்கும் கினோசிலியம் மட்டும் பளிச்சிடுவது. இவற்றில் எது வந்தாலும் நாக்அவுட் ஸ்லைடைப் பார்த்துவிட்டு மேலே பேசுங்கள். இரண்டிலும் ஒரே மாதிரி என்றால் ஆன்டிபாடி டிஎம்சி1-ஐப் பார்க்கவில்லை.

நாக்அவுட்டில் குறைந்து, ஆனால் மறையாமல் இருந்தால்? இரண்டாம் ஆன்டிபாடி மட்டும் போட்ட ஸ்லைடில் அந்த மிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கழுவலும் பிளாக்கிங்கும் போதவில்லை. இல்லாவிட்டால் டிஎம்சி2-வா, துண்டுப் புரதமா என்று பிரிக்க வேண்டும். டிஎம்சி1, டிஎம்சி2 இரண்டும் நீக்கிய காக்லியாவில் மறைந்தால் டிஎம்சி2. அங்கேயும் மறையாவிட்டால் துண்டுப் புரதமோ, சம்பந்தமில்லாத ஒட்டுதலோ. வேறு முனைக்கு எதிரான இரண்டாவது ஆன்டிபாடியைக் கொண்டு வந்தே அதைத் தீர்க்க முடியும்.

பெப்டைடு கலந்து தடுக்கும் சோதனையைப் பலர் இறுதிச் சான்றாகக் காட்டுகிறார்கள். அதற்கு அவ்வளவு எடை இல்லை. ஆன்டிபாடி அந்தப் பெப்டைடோடு சேரும் என்பதை மட்டுமே அது சொல்கிறது. தவறான புரதத்தில் ஒட்டும் அதே ஆன்டிபாடி மூலக்கூறும் பெப்டைடால் தடுக்கப்படும், சிக்னல் மறையும், படம் நம்பும்படி இருக்கும்.

வெஸ்டர்ன் பிளாட்

புரதங்களை ஜெல்லில் எடைவாரியாகப் பிரித்து ஆன்டிபாடியால் பட்டையாகப் பார்க்கும் முறை இது. ஒரு காக்லியாவிலிருந்து இயல்பான டிஎம்சி1 பட்டையை எதிர்பார்க்காதீர்கள். மயிர் செல் குறைவு, செல்லுக்குள் புரதமும் குறைவு. பல காக்லியாக்களைச் சேர்த்தாலும் கடினம். பிளாஸ்மிட் கொடுத்த செல் லைசேட்டில் ஆன்டிபாடியைச் சரிபார்க்கவே இது பயன்படும்.

அங்கேயும் ஒன்றில் எல்லோரும் வழுக்குகிறார்கள். மாதிரியை 95 டிகிரியில் கொதிக்க வைப்பது. பத்து முறை சவ்வை ஊடுருவும் புரதம் கொதித்தால் கட்டியாகி, ஜெல்லின் குழி வாயிலேயே நின்றுவிடும். பட்டை இல்லை என்று ஆன்டிபாடியைக் குறை சொல்வோம். 37 டிகிரியில் 20 முதல் 30 நிமிடம் வைத்தால் போதும். சவ்வுப் புரதங்கள் கணக்கிட்ட எடையைவிடக் கீழே ஓடுவதும் உண்டு. 87-க்குச் சற்றுக் கீழே பட்டை வந்தால் அதற்காக ஒதுக்கிவிடாமல், வெற்றுப் பிளாஸ்மிட் வரிசையில் அது இல்லாமல் இருக்கிறதா என்று பாருங்கள். எச்ஆர்பி நொதி இணைத்த ஆன்டிபாடியில் சோடியம் அசைடு சேர்க்காதீர்கள். நொதி செயலிழந்துவிடும்.

எந்த ஆன்டிபாடியும் தேறாவிட்டால்

டிஎம்சி1-இல் இது அடிக்கடி நேர்வதுதான். அப்போது புரதத்திலேயே அடையாள ஒட்டு சேர்த்த சுண்டெலிக்கு மாறுவது நேர்மையான வழி. எச்ஏ ஒட்டு ஒன்பது அமினோ அமிலம்தான். அதற்கான முயல் மோனோகுளோனல் சி29எஃப்4, எலி மோனோகுளோனல் 3எஃப்10 இரண்டும் பல ஆய்வகங்களில் நன்கு சோதிக்கப்பட்டவை. ஒட்டு இல்லாத ஒரே ஈற்றுக் குட்டியே எதிர்மறைச் சோதனை. எல்லாப் புரதமும் அப்படியே இருக்க, ஒட்டு மட்டும் இல்லை. இதைவிடச் சுத்தமான ஒப்பீடு நாக்அவுட்டில்கூடக் கிடைக்காது. ஆனால் ஒட்டு சேர்த்ததால் சேனல் கெட்டுவிடவில்லை என்று காட்ட வேண்டும். நான்கு வார வயதில் மூளைத்தண்டுச் செவிப்பதில் சோதனை செய்து, ஒட்டு உள்ள, இல்லாத குட்டிகளின் கேட்புத் தொடக்க அளவு ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள்.

எந்த வழியில் போனாலும் ஆய்வுக் குறிப்பேட்டிலும் கட்டுரையின் செய்முறைப் பகுதியிலும் இவை இருக்க வேண்டும்: ஆன்டிபாடியின் அட்டவணை எண், லாட் எண், ஆர்ஆர்ஐடி (ஆய்வுப் பொருளுக்கான பொது அடையாள எண்), இம்யூனோஜன் வரிசை, மி.லி.க்கு எத்தனை மைக்ரோகிராம் என்ற இறுதிச் செறிவு, ஃபிக்ஸ் செய்த நிமிடங்கள், திசுவின் வயது, காக்லியாவில் உச்சியா நடுவா அடியா என்பது, எந்த வகை நாக்அவுட், எத்தனை விலங்குகள். ‘1:200’ என்று மட்டும் எழுதினால் மூலப் புட்டியின் செறிவு தெரியாத ஒருவரால் அதைத் திரும்பச் செய்ய முடியாது. வந்த புட்டியை அன்றே 10 மைக்ரோலிட்டர் பங்குகளாகப் பிரித்து, தரவுத்தாள் சொல்லும் வெப்பநிலையில் வையுங்கள். உருக்கிய பங்கை மறுபடி உறைய வைக்காமல் 4 டிகிரியில் வைத்து இரண்டு வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள். நாக்அவுட்டில் தேறாத ஆன்டிபாடியின் படங்களையும் அழிக்காமல் வைத்திருந்து, கட்டுரையின் துணைப் படங்களில் சேருங்கள். அதே புட்டிக்கு ஆர்டர் போடவிருக்கும் அடுத்த ஆய்வகத்துக்குப் பணமும் பல மாத உழைப்பும் மிஞ்சும்.